பை பார்த்துக்கொள்ள ஓர் ஆள்

பயிற்சி முடித்து இன்று வாங்கிய சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள். அதில் கீழே வலது மூலையில் இப்போது வேறொருவர் கையெழுத்து இருக்கும். ஓய்வு பெறும்வரை அந்த இடத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த உரிமையில் இரண்டு வார்த்தை சொல்கிறேன். பிடிக்காவிட்டால் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வாருங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். பொய், கோபித்துக்கொள்வேன். ஆனாலும் போங்கள்.

கவனக்குறைபாடு உள்ளவர்களுக்குக் கோச்சாக இருக்க ஆட்களைத் தயார் செய்வது என் வேலையாக இருந்தது. தென்காசியில் இதை யாரிடம் சொன்னாலும் முதல் கேள்வி, "எந்த வெளையாட்டுக்கு மேடம்?" இல்லை என்று தலையாட்டினால் அடுத்தது, "அப்ப நீட்டுக்கா?" அதுவும் இல்லை என்றால் முகத்தில் ஒரு பரிதாபம் வரும். என் மாமியார் கடைசிவரை நான் கபடிக்கு ஆள் சேர்ப்பதாகத்தான் சொந்தக்காரர்களிடம் சொல்லிவந்தார். நானும் திருத்தவில்லை. நான் செய்கிற வேலையைவிட அது மரியாதையாகத் தெரிந்தது.

என்ன குறை என்று கண்டுபிடிப்பதும் மருந்து கொடுப்பதும் டாக்டர் வேலை. அதற்குப் பிறகு ஒரு பள்ளம் இருக்கிறது. செய்ய வேண்டியது என்ன என்று அந்த மனிதருக்கு நன்றாகத் தெரியும், ஆனால் கை அதற்குப் போகாது. அந்தப் பள்ளத்தில்தான் நாம் பிழைப்பு நடத்துகிறோம். பயிற்சியின் முதல் நாள் நான் பலகையில் மூன்று விதி எழுதுவேன். ஒன்று, யோசனை சொல்லாதே, கேள்வி கேள். இரண்டு, அவர்கள் வேலையை நீ செய்யாதே. மூன்று, அவர்களோடு அறைக்கு வெளியே போகாதே. இந்த மூன்றையும் நான் திருவாய் மலர்ந்தருளும்போது ஆட்கள் அடிக்கோடிட்டு எழுதிக்கொள்வார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

நான் சொல்லப்போவது குற்றாலத்தில் சீசன் நேரத்தில் நடந்த ஒரு பயிற்சி முகாம். ஆறு நாள், ஒரு லாட்ஜில் தங்கி. ஏன் குற்றாலம் என்று கேட்டதற்குத் தலைமை அலுவலகம் "மன அமைதி" என்று பதில் எழுதியது. சீசனில் குற்றாலத்தில் அமைதியைக் கண்டுபிடித்த ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஒரு பக்கம் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் கூப்பிடுவார்கள், ஒரு பக்கம் நேந்திரங்காய் சிப்ஸ் வறுபடும், ஈரத் துண்டோடு பத்துப் பேர் வேனைக் காணோம் என்று சண்டை போடுவார்கள், குரங்கு வந்து ஜன்னலில் உட்கார்ந்து நம் சோப்பைப் பார்க்கும். கவனத்தைப் பற்றிப் பாடம் எடுக்க இதைவிடப் பொருத்தமில்லாத இடம் பூமியில் கிடையாது. லாட்ஜ் முதலாளி எங்கள் இயக்குநருக்கு மச்சினன் என்பது பிறகு தெரிந்தது.

பயிற்சிக்கு வந்தவர்கள் பன்னிரண்டு பேர். அவர்கள் பழகிப் பார்க்க உண்மையான ஓர் ஆள் வேண்டும். டாக்டர் ஒருவர் சொல்லி கோமதி வந்தாள். முப்பத்தெட்டு வயது. தென்காசியில் ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். கணவர் இறந்தபின் கருணை அடிப்படையில் வந்த வேலை. மகள் பன்னிரண்டாம் வகுப்பு. இரண்டு மாதம் முன்புதான் டாக்டர் அவளுக்குக் கவனக்குறைபாடு என்று சொல்லியிருந்தார். அதுவரை ஊர் அவளைக் கோட்டிக்காரி, பைத்தியம் என்று சொல்லியிருந்தது.

வந்ததும் அவளே கதையைச் சொன்னாள். அவளுடைய மேசை இழுப்பறையில் ஒரு கட்டு மனுக்கள் பதிவு செய்யாமலே கிடந்திருக்கின்றன. அதிகாரி கண்டுபிடித்து மெமோ கொடுத்துவிட்டார். ஐந்து குற்றச்சாட்டு. விளக்கம் எழுதித் தர ஏற்கனவே இரண்டு தடவை அவகாசம் வாங்கியாயிற்று. வியாழக்கிழமை மாலை அலுவலகம் மூடும் ஐந்தே முக்காலுக்குள் பதில் போகாவிட்டால் சொல்ல ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டு மேல் நடவடிக்கை. அப்படியென்றால் வேலை போகும்.

"எழுத ஒக்காராம இல்ல மேடம்," என்றாள். "பதினஞ்சு தடவ ஒக்காந்துட்டேன். ‘ஐயா’ன்னு எழுதுவேன். ஒடனே கேஸ் அடுப்ப அணைச்சமான்னு தோணும். எந்திரிச்சுப் போயி பாத்தா அங்கன வேற ஒரு வேல கெடக்கும். ஐயாவுக்குக் கீழ இது வரைக்கும் ஒண்ணு வந்ததில்ல."

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள், ஆனால் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே இருந்தாள். அது திங்கட்கிழமை.

செவ்வாய்க்கிழமை விக்னேஷ் அவளுக்குக் கோச்சாக உட்கார்ந்தான். பெங்களூரில் கணினி வேலையை விட்டுவிட்டு வந்தவன். பன்னிரண்டு பேரில் அவன்தான் என் செல்லம், ஏனென்றால் நான் சொன்னதை எனக்கே திரும்பச் சொல்வான். பெரிய வேலையைச் சின்னத் துண்டுகளாக உடைக்க வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். அவன் நாற்பத்தொரு துண்டாக உடைத்தான். ஐந்து நிறத்தில் ஒட்டும் சீட்டு. ‘பேனாவை எடுத்தல்’ ஒரு சீட்டு. ‘பேனா மூடியைத் திறத்தல்’ இன்னொரு சீட்டு. லாட்ஜ் சுவர் முழுக்க ஒட்டினான். வெளியே சாரல், உள்ளே சுவர் வியர்த்திருந்தது. நாலு சீட்டு ஒட்டினால் மூன்று கீழே விழும். கோமதிக்குக் கொண்டாட்டம். விழுந்ததைப் பொறுக்கிப் பொறுக்கி ஒட்டினாள். சாயந்தரம் போய்ப் பார்த்தால் நாற்பத்தொன்றையும் வானவில் நிற வரிசையில் அழகாக அடுக்கியிருந்தாள். அந்த அழகில் பேனா மூடி கடைசியிலும், கையெழுத்துப் போடுதல் நடுவிலும் இருந்தது. விக்னேஷுக்கு நான் நூற்றுக்குத் தொண்ணூறு போட்டேன். கடிதத்தில் ஒரு வரிகூட வரவில்லை. ஆனால் என் மதிப்பீட்டுப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

புதன்கிழமை காலை சண்முகவேல் அண்ணாச்சி. போலீசில் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். பேரனுக்குக் கவனக்குறைபாடு என்பதால் படிக்க வந்தவர், தங்கமான மனிதர். கேள்வி மட்டும் கேள் என்று நான் சொன்னது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. சொந்த ஊருக்குத் திரும்பியதுபோல உட்கார்ந்தார்.

"அந்த மனுவ எல்லாம் இழுப்பறையில வச்சது யாரு தாயி?"

"நான்தான் சார்."

"யாரு சொல்லி வச்சிய?"

"யாரும் சொல்லல சார். அப்பொறம் எடுத்துப் பதியலாம்னு..."

"அப்பொறம்னா எப்ப? நாளு, நேரம் சொல்லணும்."

மெமோவில் ஐந்து குற்றச்சாட்டு. அண்ணாச்சி விசாரித்து முடித்தபோது ஒன்பது ஆகியிருந்தது. அலுவலகத்துக்கே தெரியாத நாலு தப்பைக் கோமதி தானாக முன்வந்து ஒப்புக்கொண்டாள். அதில் ஒன்று பக்கத்து வீட்டுக்காரியின் குக்கர் விசிலைத் தொலைத்தது. கேள்விகள் தெளிவாக இருந்தன என்று எழுதி எழுபத்தைந்து போட்டேன்.

மத்தியானம் பேச்சியம்மாள். சுந்தரபாண்டியபுரத்தில் வீடு, பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர். நாற்பத்தைந்து வயது இருக்கும். வகுப்பில் வாயைத் திறந்ததே இல்லை. அவளை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று எனக்கு மூன்று நாளாக எரிச்சல். அறை மூலையில் படிவத்தோடு நான் உட்கார்ந்தேன். பேச்சியம்மாள் கோமதிக்கு எதிரே உட்காரவில்லை. பக்கத்தில் நாற்காலியைப் போட்டாள். மடியில் ஓர் அட்டைப்பெட்டி. ஆய்வகக் குப்பிகளில் ஒட்டும் பெயர்ச் சீட்டுகளைக் கத்தரியால் வெட்ட ஆரம்பித்தாள்.

"நீ எழுது கோமதி. நான் இங்கனதான் இருக்கேன்."

அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். கத்தரிச் சத்தம் மட்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் தயாரித்த படிவத்தில் இருபத்திரண்டு கட்டம். கேள்விகள் என்ற கட்டத்தில் பூஜ்யம். ஊக்கமூட்டல், பூஜ்யம். இலக்கை நினைவூட்டல், பூஜ்யம். குறிப்பு என்ற கட்டத்தில், ‘சும்மா உட்கார்ந்திருக்கிறார்’ என்று எழுதி, அடிக்கோடு போட்டு, கையெழுத்தும் போட்டேன். பத்தாவது நிமிடம் எழுந்து போய் நிறுத்தினேன்.

"என்னம்மா செய்யுதீங்க? இதுக்குப் பேரு கோச்சிங்கா?"

பேச்சியம்மாள் கத்தரியைக் கீழே வைத்தாள். "எங்க வயக்காட்டுல சூரியகாந்தி பூத்துட்டா செல்ஃபி எடுக்க ஊரே வந்து உள்ள எறங்கி மிதிக்கும் மேடம். வரப்புல ஒரு ஆளு சும்மா ஒக்காந்திருந்தா ஒருத்தன் எறங்கமாட்டான். ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஆளு இருந்தாப் போதும்."

"இது வயல் இல்ல," என்றேன். நன்றாகச் சொன்னோம் என்று எனக்கே ஒரு திருப்தி.

அப்போது கோமதி தலையைத் தூக்கி, "மேடம், நாலு வரி எழுதிட்டேன்," என்றாள். ரொம்ப நல்லது, அதை அப்புறம் பேசலாம் என்று சொல்லி எல்லோரையும் காப்பிக்கு அனுப்பினேன். திரும்பி வந்து பார்த்தால் அந்தத் தாளைக் காணோம். மேசை, கட்டில், குப்பைக் கூடை எல்லாம் தேடியாயிற்று. பதினைந்து தடவை உட்கார்ந்து வராத நாலு வரி பதினாறாம் தடவை வந்தது. நான்தான் அதைத் துரத்தினேன்.

ஒருவர் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தாலே கவனக்குறைபாடு உள்ளவருக்கு வேலை ஓடும் என்பது நம் பாடத்திலேயே இருக்கிறது. உடனிருப்பு என்று பெயர். அறுபத்து மூன்றாவது ஸ்லைடு. நீங்களும் பார்த்திருப்பீர்கள், இரண்டு நாற்காலி படம் போட்டிருக்கும். அந்த ஸ்லைடைத் தயாரித்தது நான். திரையில் இருந்தால் எனக்கு அடையாளம் தெரியும். கண் முன்னால் கத்தரியோடு உட்கார்ந்திருந்தபோது தெரியவில்லை.

வியாழக்கிழமை வந்துவிட்டது. காலையில் எல்லோர் முன்னாலும் நானே கோமதியோடு உட்கார்ந்து எப்படிச் செய்ய வேண்டும் என்று காட்டுவதாக ஏற்பாடு. அன்று நான் கேட்ட கேள்விகளில் எனக்கே மெய்சிலிர்த்தது. இந்தக் கடிதம் ஒரு மனிதராக இருந்தால் அவர் உங்களிடம் என்ன கேட்பார் என்றேன். எழுதாமல் இருப்பதில் உங்களுக்கு என்ன பாதுகாப்பு என்றேன். கடைசியில், "இந்த வேலை இல்லாவிட்டால் கோமதி யார்?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல மேடம்," என்றாள். பிறகு தேம்பித் தேம்பி அழுதாள்.

வகுப்பே கை தட்டியது. விக்னேஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மணி பன்னிரண்டரை. தாளில் ‘ஐயா’ மட்டும் இருந்தது. கால அட்டவணையில் அடுத்தது ‘அருவியில் முழுக் கவனம்’ என்றிருந்தது. அட்டவணையையும் நான்தான் தயாரித்தேன். ஐந்தே முக்காலுக்கு வேலை போகப்போகிற ஒருத்தியை அழவைத்துவிட்டு, குளித்தால் தெளிவு பிறக்கும் என்று சொல்லி எல்லோரையும் அருவிக்குக் கிளப்பிக்கொண்டு போனேன்.

உங்களுக்குத் தெரியும், குற்றாலத்துக்கு எந்தக் கூட்டம் வந்தாலும் அதில் ஒருவர் குளிக்கமாட்டார். சளி என்பார், நேற்றே குளித்தேன் என்பார். மற்றவர்களுடைய பை, போன், செருப்பு, மாற்றுத்துணி எல்லாவற்றையும் நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எங்கள் கூட்டத்தில் அது பேச்சியம்மாள். நீர்க்கோவை என்றாள். சாத்திக்கிடந்த ஒரு பழக்கடையின் தகரக் கூரைக்குக் கீழே பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு உட்கார்ந்தாள். படிவங்கள் இருந்த என் தோல்பையையும் அவளிடம்தான் கொடுத்தேன். படிப்பு வராவிட்டாலும் இதற்காவது உதவுகிறாளே என்று நினைத்ததை மறைக்கப்போவதில்லை.

பெண்கள் பக்கம் எக்கச்சக்கக் கூட்டம். எண்ணெய்த் தலைகளுக்கு நடுவில் நெருக்கியடித்து நின்று முறை வருவதற்கே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. தலையை நீட்டி ஐந்து நிமிடம் இருக்காது, போலீஸ் விசில் ஊதினார்கள். மேலே மலையில் மழை. தண்ணீர் செம்மண் நிறமாகி, சத்தம் மாறிவிட்டது. வெளியே வா, வெளியே வா என்று விரட்டினார்கள். ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு வெளியே வந்து பாலத்துப் பக்கம் நின்று ஆட்களை எண்ணினேன். கோமதி இல்லை. குளிக்கும்போது பார்த்தீர்களா என்று கேட்டால் ஒருவரும் பார்க்கவில்லை. மறுபடி எண்ணினேன். இல்லை.

பயந்துவிட்டேன். ‘ஒண்ணும் இல்ல மேடம்’ என்று அவள் சொன்ன குரல் காதிலேயே நின்றது. அந்தப் பதிலை வாங்கி வைத்துக்கொண்டு நான் அடுத்த கேள்விகூடக் கேட்கவில்லை, கைதட்டலில் குளிர்ந்துபோய் இருந்துவிட்டேன். தண்ணீரைப் பார்த்தேன். பெற்ற மகளைத் தொலைத்தவள் மாதிரி, "கோமதி, ஏட்டி கோமதி" என்று கத்திக்கொண்டு ஓடினேன். ஒருத்தியை ‘ஏட்டி’ என்று உரிமையோடு கூப்பிட்டு முப்பது வருஷம் இருக்கும்.

சண்முகவேல் அண்ணாச்சி போலீஸ் உதவி மையத்தில் மைக்கை வாங்கிக்கொண்டார். பழைய பழக்கம் விடுமா? "கோமதி, வயது முப்பத்தெட்டு, மாநிறம், மஞ்சள் சேலை, கருணை அடிப்படை நியமனம், கடைசியாகப் பார்த்தபோது அழுதுகொண்டிருந்தார்," என்று அருவிக்கரை முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார். வாடிக்கையாளரின் ரகசியத்தைக் காப்பது பற்றி முந்தின நாள்தான் ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்திருந்தேன். ஆளாளுக்கு ஒரு பக்கம் தேடி ஓடினோம். முக்கால் மணி நேரம் போயிற்று. டாக்டருக்குச் சொல்லிவிடலாம் என்று போனை எடுக்கப் பழக்கடைக்கு ஓடினேன்.

பன்னிரண்டு ஜோடிச் செருப்புக்கு நடுவில், பேச்சியம்மாளை ஒட்டி, கோமதி உட்கார்ந்திருந்தாள். குளிக்கவே போகவில்லை. முடி காய்ந்திருந்தது. தோல்பையை மடியில் வைத்து, அதன்மேல் தாளை வைத்து, குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

நான் வாயைத் திறந்தேன். பேச்சியம்மாள் என்னைப் பார்த்து உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினாள். நானும் நின்றேன். ஒலிபெருக்கியில் அவள் பெயரை அண்ணாச்சி எட்டாவது முறையாகக் கத்துகிறார். பக்கத்தில் ஒரு குரங்கு யாருடைய சிப்ஸ் பொட்டலத்தையோ பிரித்துக்கொண்டிருக்கிறது. கவனக்குறைபாடு என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பெண் தலை நிமிரவில்லை. நான் ஈரப் புடவையோடு தகரத்துக்கு வெளியே சாரலில் நின்றேன். அழுகை வந்தது, அழுதேன்.

நாலு இருபதுக்குக் கோமதி பேனாவை மூடினாள். "அஞ்சுக்கும் எழுதிட்டேன் மேடம்," என்றாள். ஒன்பதுக்கு அல்ல, ஐந்துக்கு. மூன்று தாள். வாங்கிப் பார்த்தேன். என் மதிப்பீட்டுப் படிவங்களின் பின்பக்கம்.

"பையில வேற தாளு இல்ல மேடம்," என்றாள் பேச்சியம்மாள்.

மூச்சு வாங்க விக்னேஷ் ஓடிவந்து சேர்ந்தான். தாளைப் பார்த்ததும் போனில் படம் எடுத்து, தட்டச்சு செய்து, தென்காசியில் பிரிண்ட் எடுத்துவிடலாம், இருபது நிமிடம் போதும் என்றான். எனக்கும் கை அரித்தது. ‘பொருள்’, ‘பார்வை’ என்று மேலே எழுதவில்லை. இரண்டாவது பத்தி இன்னும் பணிவாக இருக்கலாம். நல்ல தாளில் ஒரு தடவை எடுத்து எழுதினால் என்ன? சொல்லிக்கொண்டே கோமதியைப் பார்த்தேன். அவள் கண் குரங்குப் பக்கம் போய்விட்டது. வாய் லேசாகத் திறந்திருந்தது. இன்னும் இரண்டு நிமிடம் நாங்கள் பேசினால் அவள் எங்களிடம் இருக்கமாட்டாள்.

பேச்சியம்மாள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "எழுதுனது எழுதுனபடி இருக்கட்டும் மேடம். நான் கூடப் போயி குடுத்துட்டு வாரேன்."

"மூணாவது விதி," என்றேன். ஆமாம், அந்த நேரத்திலும் அதைத்தான் சொன்னேன். சிரிக்காதீர்கள், உங்களுக்கும் ஒருநாள் வரும்.

"அத நாளைக்குப் பாத்துக்கிடலாம் மேடம்," என்றாள். அப்புறம்தான் உண்மையான கவலை அவள் முகத்தில் வந்தது. கீழே கிடந்த பன்னிரண்டு பேருடைய பையையும் பார்த்தாள். ஆட்கள் எல்லாம் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள். "ஆனா பைய யாரு பாத்துக்கிடுவா?"

இத்தனை வருஷ அனுபவத்தில் நான் யோசிக்காமல் சொன்ன ஒரே நல்ல பதில் அது. "நான் பாத்துக்கிடுதேன். நீங்க கெளம்புங்க," என்றேன். விக்னேஷை அண்ணாச்சியிடம் அனுப்பினேன், முதலில் அந்த மைக்கைப் பிடுங்கு என்று. விரிப்பில் உட்கார்ந்தேன். போகிற வருகிறவர்கள் என்னையும் செருப்புகளையும் பார்த்துக்கொண்டு போனார்கள்.

பிறகு நடந்ததை அவர்கள் சொல்லித்தான் தெரியும். அருவியிலிருந்து திரும்புகிற கூட்டத்தில் ரோடே அடைத்துக்கொண்டிருந்தது. பஸ்ஸில் ஒரு காலை வைத்த கோமதி, ஓரத்தில் மங்குஸ்தான் கூடையைப் பார்த்ததும் இறங்கிவிட்டாள். மகளுக்குப் பிடிக்குமாம். பேச்சியம்மாள் கூப்பிடவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. ஒரு கால் படியில், ஒரு கால் தரையில் என்று நின்றுகொண்டாள். கண்டக்டர், "ஏம்மா, ஏறுதியா எறங்குதியா?" என்று கத்தியிருக்கிறார். "ரெண்டும்தான்," என்றாளாம். கோமதி பழத்தோடு வரும்வரை பஸ் நகரவில்லை.

ஐந்து முப்பத்தெட்டுக்குத் தபால் பிரிவில் தாளை நீட்டினார்கள். வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் எழுத்தர் திருப்பிப் பார்க்காமல் ‘பெறப்பட்டது’ என்று முத்திரையைக் குத்தினார். அது விழுந்தது பின்பக்கத்தில், பேச்சியம்மாளின் படிவத்தில், ‘சும்மா உட்கார்ந்திருக்கிறார்’ என்பதற்கும் என் கையெழுத்துக்கும் சரியாக நடுவில்.

"இதென்ன மார்க் ஷீட்டு?" என்று கேட்டிருக்கிறார்.

"அது எனக்கில்ல சார், இவங்களுக்கு," என்று கோமதி பேச்சியம்மாளைக் காட்டியிருக்கிறாள். அவர் படித்துவிட்டு, பேச்சியம்மாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தாளைத் திருப்பி இன்னொரு முத்திரை குத்தினார்.

சில மாதம் கழித்து விசாரணை. விசாரணை அதிகாரி எதையும் விடாமல் படிக்கிற ரகம், இரண்டு பக்கத்தையும் படித்திருக்கிறார். சும்மா உட்கார்ந்திருந்தது யார், உங்கள் மேல் இது ஆறாவது குற்றச்சாட்டா என்று கேட்டாராம். கோமதி சொன்ன பதிலை அவளே என்னிடம் போனில் சொன்னாள். "அவங்க சும்மா ஒக்காந்திருந்தாங்க சார். அதனாலதான் எழுத முடிஞ்சிது."

எழுத்துமூலம் கண்டித்து விட்டுவிட்டார்கள். வேலை தங்கியது. இப்போது அவள் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரியை நகர்த்தி ஒட்டி உட்காரவைத்திருக்கிறாளாம். மனுக்கள் அன்றன்றைக்கே பதிவாகின்றன என்று கேள்வி.

இதோடு முடிந்திருந்தால் நான் உங்களிடம் இதைச் சொல்லியிருப்பேனா தெரியாது. முகாமின் கடைசி நாள் பேச்சியம்மாளுக்குச் சான்றிதழ் கொடுக்கப் படிவம் வேண்டும். அசல் அரசாங்கக் கோப்புக்குள் போய்விட்டது. புதிதாக ஒன்று எடுத்து நிரப்பினேன். கேள்விகள், பூஜ்யம். ஊக்கமூட்டல், பூஜ்யம். பொய் எழுத மனம் வரவில்லை. குறிப்பு என்ற கட்டத்தில் பழைய வாக்கியத்தையே எழுதினேன், ‘சும்மா உட்கார்ந்திருக்கிறார்’. மொத்த மதிப்பெண், நூறு.

தலைமை அலுவலகத்திலிருந்து எனக்கு மெமோ வந்தது. கட்டங்களில் பூஜ்யமும் மொத்தத்தில் நூறும் எப்படி, பயிற்சியாளர் பயிற்சியின் தரம் என்ன ஆவது, ஒரு வாரத்துக்குள் விளக்கம் தேவை. கீழே இயக்குநர் கையெழுத்து. ஓய்வுக்கு ஐந்து மாதம் இருந்தது. வெறும் மெமோதானே, இரண்டு பக்கம் எழுதிப் போட்டால் ஆயிற்று என்று மேசையில் உட்கார்ந்தேன். ‘ஐயா’ என்று எழுதினேன். பால்காரருக்குச் சொல்ல வேண்டியது ஞாபகம் வந்தது. மறுநாள் உட்கார்ந்தேன். பீரோவை அடுக்கினேன். எனக்கு ஒரு குறைபாடும் கிடையாது, டாக்டர் சான்றிதழே தருவார். ஆனால் என் தப்பை என் கையால் எழுத வேண்டும் என்றதும் கை போகவில்லை. ஆறாம் நாள் எனக்கே என்மேல் அருவருப்பாகிப் போனை எடுத்தேன்.

"பேச்சியம்மா, ஒரு மணி நேரம் இங்கன வந்து இருக்க முடியுமா?" என்றேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கேள்வி கேட்பதில்தான் அவளுக்குப் பூஜ்யம் ஆயிற்றே.

அடுத்த பஸ்ஸில் வந்தாள். அட்டைப்பெட்டியும் கத்தரியும் கொண்டுவந்திருந்தாள். எனக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஒரு சீட்டை வெட்டினாள்.

"எழுதுங்க மேடம். நான் இங்கனதான் இருக்கேன்."

ஐயாவுக்குக் கீழே முதல் வரி வந்தது.